தலைப்பிரசவத்தைச் சேர்க்காத கணக்கு

"பிள்ளை குட்டி இருக்கா?" என்று கேட்டார் வீடு கட்டும் சங்கத்தின் செயலாளர்.

"இல்லைங்க" என்றார் என் கணவர்.

"கல்யாணமாகி?"

"மூணு வருசமாச்சு."

செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தார். "அப்பக் கடனக் கூட்டியே வாங்கிப்புடுங்க. பிள்ளை இல்லாதப்ப வாங்குனாத்தான் உண்டு. அதுக்குப் பெறகு வர்றவன்லாம் தவணைக்கே தவணை கேட்டு நிக்கிறான்."

எழுபதுகளின் கடைசி அது. போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடையில் என் கணவர் குமாஸ்தா. நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவருடைய சொந்த ஊரான சிலமலையில் அவர் பங்குக்கு வந்த துண்டு நிலத்தை மூத்த அண்ணனுக்கே விற்று, அந்தப் பணத்தில் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு மனை வாங்கியிருந்தோம். மனையை ஈடு எழுதிக் கொடுத்தால் சங்கம் கடன் தரும். எவ்வளவு வாங்குவது என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதினைந்தாயிரம் வாங்கினால் ஓரறையும் அடுப்படியும், மேலே ஓடும். இருபத்தைந்தாயிரம் வாங்கினால் இரண்டு அறை, தளம் போட்ட கூரை, வாசலுக்குத் தேக்குக் கதவு. இரண்டாவதற்கு மாதத் தவணையாக என் சம்பளம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அவர் சம்பளத்தில்தான் சாப்பாடும் வாடகையும். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"ஓடே போதும்" என்றார் அவர். "காய் வெலை ஒரு வருசம் மாதிரி ஒரு வருசம் இருக்கறதில்ல. கடையில யாவாரம் படுத்துட்டா மொதலாளி மொதல்ல என் சம்பளத்துலதான் கை வைப்பாரு."

"என் சம்பளம் ஏறி எறங்காதுல்ல?"

"பிள்ளை வந்தா?"

"ரெண்டு வருசம் கழிச்சு வரட்டும்."

"சொல்லி வச்சா வரும்?"

"வந்தாத்தான் என்ன? தலைப்பிரசவம் எங்கம்மா வீட்டுச் சோலி. ஏழாம் மாசம் வந்து கூட்டிட்டுப் போயிருவாக. பிள்ளைக்கு அஞ்சு மாசம் ஆகுற வரைக்கும் உங்க கையில இருந்து ஒரு காசு எறங்காது."

"அது சரிதான்" என்றார்.

அது சரிதான் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவருடைய அண்ணிகள் இருவரும் அப்படித்தான் போய் வந்தார்கள். என் அம்மாவும் அப்படித்தான். மகளின் முதல் பிரசவத்தைச் செலவு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உங்களால் முடியுமா என்று பெண்ணைப் பெற்றவரிடம் கேட்பது, அவரை மதிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். அதனால் நாங்கள் கேட்கவில்லை. என் அப்பாவுக்கு மலைமேல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்தது. அது இருக்கிறது என்பதே எங்களுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

ஆவணியில் பெரிய தொகைக்கே கையெழுத்துப் போட்டோம்.

சிலமலையில் என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. நாங்கள் இரண்டு வருடம் பொறுக்கப் போகிறோம் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. களத்தில் சோளம் காயப் போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "எங்க மருமக மொதல்ல வீட்டப் பெக்கப் போறாளாம். அதுக்குப் பேரு வச்சுக் காது குத்துன பெறகுதான் பேரப்பிள்ளையாம்."

வீட்டுச் சுவர் கூரை மட்டத்துக்கு எழும்பியபோது, மார்கழியில், எனக்கு வாந்தி ஆரம்பித்தது.

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்ததையும் பார்த்தேன். விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினார். "சித்திரை கடைசியில உங்க அம்மா கூட்டிட்டுப் போயிருவாக" என்றார். அதைக் கேள்வியாகத்தான் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

மாசியில் தளம் போட்டார்கள். பங்குனியில் ஆசாரி கதவைச் செய்து முடித்தார். கட்டுகிற இடத்தில் போட்டு வைத்தால் களவு போய்விடும் என்று, நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாத்தி வைத்தோம். ஒற்றை அறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. ஒருநாள் அவருடைய முதலாளி ஏதோ சோலியாக வந்தவர், கதவை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "எங்க புடிச்ச தம்பி இந்தத் தேக்க? நானும் வீடு கட்டுறேன், நல்ல மரம் கெடைக்காம அலையுறேன். குடுக்கறதா இருந்தா மொதல்ல எங்கிட்டச் சொல்லு." என் கணவர் சிரித்து மழுப்பினார். முதலாளி போன பிறகு அந்த இடத்தைத் துணியால் துடைத்தார்.

அந்த வருடம் கோடை மழை வரவில்லை.

போடியில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். பங்குனி பிறந்தால் சாயங்காலங்களில் அதன் தலையில் மேகம் உட்காரும். அந்தப் பங்குனியில் புகைதான் தெரிந்தது. எங்கேயோ சருகு பற்றிக்கொண்டே இருந்தது. ஏலச்செடிக்குக் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து சரம் விட்டுத் தரையோடு படரும். மண் காய்ந்தால் முதலில் கருகுவது அந்தச் சரம்தான். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிறவர்களிடம் அப்பாவின் தோட்டம் எப்படி என்று கேட்பேன். "எல்லார் தோட்டம் மாதிரித்தான் தாயி" என்பார்கள். என் வயிற்றைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

வளைகாப்புக்கு எட்டு நாள் இருக்கும்போது அவர் கடையிலிருந்து மத்தியானமே வந்தார். சாப்பிடவில்லை. கதவின் மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உங்க அப்பா கடைக்கு வந்தாரு."

"இங்க வரலையே?"

"வரல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "வரப்போற காய்க்கு முன்பணம் கேட்டு வந்தாரு. செடியில இன்னும் சரமே சரியா விடல. மொதலாளி வெலைய அடிமாட்டு வெலையா வச்சாரு. அவரு சரின்னுட்டாரு. நான் எழுந்து வெளிய போயிறலாம்னு பாத்தேன். மொதலாளி கூப்புட்டு, 'ஒன் மாமனாருதான? நீயே எண்ணிக் குடு தம்பி'ன்னாரு."

"நீங்களா எண்ணுனீக?"

"நான்தான் எண்ணுனேன். ரெண்டு தடவை தப்பிப்போச்சு. அவரு என்னய நிமிந்து பாக்கவே இல்ல. வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு, 'வளைகாப்புக்கு வெரசா வந்துருங்க மாப்ள'ன்னுட்டுப் போயிட்டாரு."

என் பிரசவத்துக்கான பணத்தை என் கணவர் தன் கையாலேயே எண்ணி, என் அப்பா கையில் கொடுத்திருந்தார். நாங்கள் மனையை ஈடு வைத்ததுபோல, அப்பா இன்னும் காய்க்காத காயை ஈடு வைத்திருந்தார். எங்களுக்கு ஒரு காசு இறங்காது என்று நான் சொன்னது இப்படி நிறைவேறியது. மழை இல்லாமல் காய் குறைந்தால், அடுத்த வருடத்துக் காயையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிப் போய்த் தோட்டமே கைமாறிய குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பாதி வருடத்தில் நின்றுவிடுவார்கள்.

வளைகாப்பு வாடகை வீட்டு வாசலில்தான் நடந்தது; அம்மா வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறும் வந்தது. தட்டுகள் குறைவில்லாமல் வந்தன. என் மாமியார் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஜீப் தெருமுனையில் நின்றது. அம்மா என் பெட்டியைத் தூக்கினாள். நான் அப்பாவை வீட்டுக்குப் பின்பக்கம் கூப்பிட்டேன்.

"அந்தப் பணத்துல மிச்சம் எவ்வளவு இருக்குப்பா?"

அவர் முகம் மாறியது. "எந்தப் பணம்?"

"கடையில வாங்குனது."

"மாப்ள சொன்னாரா?"

"மிச்சத்த இன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இல்லைன்னா நான் வரல."

"என்ன பேச்சுப் பேசுற? வெளிய அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. மொதப் பிரசவத்துக்கு மகளக் கூட்டிட்டுப் போக வக்கில்லாதவன்னு ஊரு பேசறதுக்கா?"

"ஊரு பேசிட்டுப் போகட்டும். தோட்டம் போச்சுன்னா ஊரு வந்து குடுக்குமா? நான் இங்கயே ஆஸ்பத்திரியில பெத்துக்கறேன். அம்மா வந்து கூட இருக்கட்டும்."

"உங்கம்மா சம்பந்தி வீட்டுச் சோத்தத் திம்பாளா? பிள்ளை பெறக்காம கை நனைப்பாளா?"

எங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. மகளுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை பெற்றவர்கள் அவள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அப்பா வந்தால் காப்பித்தண்ணிகூடக் கடையில்தான். பின்வாசலில் நின்றிருந்த அம்மாதான் அதற்கு வழி சொன்னாள். "என் அடுப்ப நான் கொண்டாறேன். என் அரிசிய நான் கொண்டாறேன். யாரு சோத்தயும் நான் திங்க வேணாம்."

அப்பா அன்று என்னோடு மேற்கொண்டு பேசவில்லை. காலி ஜீப்பில் ஏறுமுன் கடைக்குப் போய் மிச்சத்தைக் கொடுத்தார். அதையும் என் கணவர்தான் எண்ணி வாங்கினார். முதலாளி, "வாங்குனத எட்டு நாள்ல திருப்பிக் குடுக்க இது என்ன வெளையாட்டா அண்ணே?" என்று கேட்டாராம்.

மறுநாள் அம்மா ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் அரிசிப் பையோடும் வந்து இறங்கினாள். ஒரே அறையில் இரண்டு சமையல் நடந்தது. உப்புத் தீர்ந்தால் என்னிடம் வாங்க மாட்டாள், கடைக்குப் போவாள். ராத்திரி அந்தத் தேக்குக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் படுத்துக்கொள்வாள். "வீடு இல்லாமக் கதவு மட்டும் வச்சிருக்கிற மவராசி நீதான்டி" என்பாள். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம். மாதத் தவணைக்கு முந்தின இரண்டு நாட்களில் மட்டும் யாரும் சிரிக்க மாட்டோம்.

ஆனியில், குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே, காலையில் வலி எடுத்தது. அந்த மாதத் தவணையை முந்தின நாள்தான் கட்டியிருந்தோம். கையில் அரிசிக்கு வைத்திருந்தது மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் மெதுவாகப் பேசியதுதான் எனக்குப் பயம் தந்தது. பிறகு நர்ஸ் வெளியே போய் என் கணவரிடமும் அம்மாவிடமும் சொன்னது சன்னல் வழியே எனக்குக் கேட்டது.

"பிள்ளை குறுக்க கெடக்கு. இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதி அனுப்புவோம். ஆனா மதுரை வரைக்கும் தாங்குமான்னு என்னால சொல்ல முடியலண்ணே. தேனியில ஆபரேசன் பண்ற டாக்டரம்மா இருக்காங்க. தனியாரு. போன ஒடனே பணம் கட்டச் சொல்லுவாங்க."

"எவ்வளவு?" என்றார் அவர்.

அவள் சொன்னாள். எனக்கு அடுத்த வலி வந்து போனது.

"மாப்ள, நான் மலைக்குப் போறேன்" என்றாள் அம்மா. "அவரக் கூட்டியாந்து அந்தக் காயவே மறுபடி எழுதிக் குடுத்துருவோம்."

"போக வரப் பொழுது சாஞ்சுரும் அத்தை."

"அப்ப என்னதான் செய்ய? சொல்லுங்க, என்ன செய்ய?" அம்மா அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"கதவு இருக்குல்ல" என்றார் அவர்.

செருப்புச் சத்தம் ஓடுவது கேட்டது.

அவர் வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. வந்தபோது கூடவே ஒரு ஜீப் வந்தது. காலையில் மலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, போன வருடத்துக் காய்ச் சாக்குகளோடு திரும்பியிருந்த ஜீப். லோடை இறக்கக்கூட நேரம் கொடுக்காமல் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "சாக்கு மேலயே படுத்துக்கத்தா, மெத்த மாதிரித்தான் இருக்கும்" என்றார் டிரைவர். படுத்தேன். அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குழியிலும் ஏலக்காய் வாடை குப்பென்று மேலே வந்தது. தேனி பக்கம்தான். ரோடும் சமதளம். அதற்கே என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவின் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரக் கட்டிலில் வைத்துத் தூக்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு போடிமெட்டு வளைவுகள். அன்றைக்கு நான் அங்கே இருந்திருந்தால் என்று, ஜீப்பில் படுத்திருந்தபோதே நினைத்தேன். இப்போது எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது.

மகள் பிறந்தாள். அழ நேரம் எடுத்துக்கொண்டாள். மயக்கம் தெளிந்து நான் முதலில் கேட்டது, "அழுதுச்சா?" என்றுதான். "அழுதுச்சு, அழுதுச்சு" என்றாள் அம்மா. அவளும் அழுதுகொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் என் கணவர் கடையில் வாங்கி வந்த இட்லியைப் பிரித்து அம்மா முன்னால் வைத்தார். "பேத்தி பெறந்துட்டா அத்தை. இனிமே என் கையால சாப்பிடலாம்ல?" அவள் ஒரு வாய் எடுத்தாள். சட்னி காரமென்று திட்டிக்கொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டாள்.

இன்னொரு பிள்ளையைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை.

திரும்பி வந்தபோது வாடகை வீட்டின் சுவரில் கதவு சாத்தியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அறை பெரிதாகிவிட்டது போலிருந்தது. வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட இனி முடியாது. ஆடியில் யாரும் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச மாட்டார்கள். நாங்கள் ஆடிக் கடைசியில் போனோம். மாமியார் வரவில்லை. "வாசலுக்குக் கதவில்லாத வீட்டுக்கு என்னத்தப் பால் காய்ச்ச?" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் ஒரு மூட்டைச் சோளத்தையும் அனுப்பினார்.

நிலை இருந்தது, கதவு இல்லை. கடையிலிருந்து கிழிந்த ஏலக்காய்ச் சாக்குகளை வாங்கிவந்து, பிரித்து, கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்து அவர் தொங்கவிட்டார். ஆடிக்காற்று போடியில் சும்மா வீசாது. மலையிலிருந்து இறங்கி நேராக வரும். சாக்கு உப்பி உள்ளே வரும், பிறகு படாரென்று வெளியே போய் நிலையில் அடிக்கும். நாய்கள் தலையை நுழைத்துப் பார்க்கும். அம்மா தோட்ட வேலைக்கு மலைக்குத் திரும்பியிருந்தாள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டே ஒரு கையால் சமைத்தேன். தெருவில் யார் நடந்தாலும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கதவு நான்கு தெரு தள்ளி முதலாளி வீட்டில் நல்ல வார்னிஷ் பூசி நின்றது. கடைத்தெருவுக்குப் போகிற வழி அது. அதை விட்டுச் சுற்றிப் போனேன்.

அப்பா ஆவணியில் வந்தார். வளைகாப்புக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியிருக்கவில்லை. பிறந்த செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போயிருந்தார். அன்று சாக்குக்கு வெளியே கால்கள் தெரிந்தன. தட்டுவதற்கு எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். பின்மழை பெய்து சரம் மறுபடி விட்டிருந்ததாம், முதல் எடுப்பில் பறித்த காய் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார்.

"வாங்க மாமா" என்று என் கணவர் சாக்கைத் தூக்கிப் பிடித்தார்.

அப்பா குனிந்து உள்ளே வந்தார். நிலையைப் பார்த்தார். கீல் அடித்து, கழற்றிய துளைகள் இல்லை. கதவு அதில் மாட்டப்படவே இல்லையே. அந்த மரத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவினார். பிறகு உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார். காற்று சாக்கை அடித்துக்கொண்டே இருந்தது.

"இந்த மாசம் கட்டியாச்சா?" என்று கேட்டார்.

எங்கள் கடனைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் கேட்கக்கூடாத கேள்வி அது. நாங்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுபோல ஒன்றுதான்.

"கட்டியாச்சு மாமா" என்றார் என் கணவர். "தையில கடையில சம்பளம் கூடும், அது வரைக்கும் இழுத்துப் புடிச்சிட்டா அப்புறம் சரியாப் போகும். அதுக்கு நடுவுல பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா மட்டும் கையில எதுவும் இல்ல."

"எடுப்பு முடியட்டும். அப்படி ஏதாச்சும்னா ஆள் விடுங்க" என்றார் அப்பா. "மறைக்க வேணாம். நானும் இனிமே மறைக்க மாட்டேன்."

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து, வாளித் தண்ணீரில் கை கழுவினார். முதல் தடவையாக எங்கள் வீட்டில் இலை போடச் சொன்னார். நான் ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டே பரிமாறினேன். அவர் முகத்தை வாசலுக்கு நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை சாக்கு உப்பியபோதும் அவர் கை சோற்றிலேயே நின்றது. நானும் கரண்டியோடு வாசலைப் பார்த்து நின்றேன்.